சின்னத்துரை வண்டிக்கு வந்த புதுக்குரல்

எங்கள் சின்னத்துரையின் மோட்டார் சைக்கிளுக்குப் புதுக்குரல் கொடுத்தவர் என் கணவர். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் யாராவது அந்தப் பேச்சை எடுத்துவிடுவார்கள். அவரும் "அது எதுக்கு இப்போ" என்று கையை ஆட்டிவிட்டு, ஒன்று விடாமல் முதலிலிருந்து சொல்வார். நான் வெற்றிலைத் தட்டு கொண்டுவரப் போவதுபோல் எழுந்து உள்ளே போய்விடுவேன். துரை தோளில் தட்டிக்கொடுத்த இடத்தில் அவர் கதை முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் தொடங்கியது. இப்போது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி நான் எழுந்து உள்ளே போகவேண்டியதில்லை, உட்கார்ந்தே சொல்லலாம்.

ஜொகூரில் கூலாயிலிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே போனால் எங்கள் ரப்பர்த் தோட்டம். நான் மரம் வெட்டுகிறவள். வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை. பட்டையில் கத்தியால் கீறிப் பால் வடியவிட்டு மங்கு என்கிற கிண்ணத்தில் பிடிப்பது. அவர் ஸ்டோரில் பிட்டர். அந்தப் பாலை உறையவைத்துத் தகடாக இழுக்கும் உருளைகளும், உருளைகளைச் சுழற்றும் எஞ்சினும், தோட்டத்து லாரியும் அவர் பொறுப்பு. எங்களுக்குக் கல்யாணமான கொஞ்ச காலத்தில் ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் துரைமார் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிழைத்தோம். என் கணவர் செய்ததை எல்லாம் அந்தப் பயத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று என் தங்கை சொல்வாள். அவளுக்குப் பெரிய மனசு.

பெரிய துரை தன் பங்களாவை விட்டு அதிகம் இறங்கமாட்டார். தோட்டத்தைச் சுற்றிவந்து எங்களை மேய்த்தவர் சின்னத்துரை. இளவயசு, குள்ளமான ஆள், வெயில் பட்டால் கழுத்து பழுத்த மிளகாய் நிறத்துக்குப் போய்விடும். சீமையிலிருந்து வரவழைத்த ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். ஒற்றைச் சிலிண்டர் வண்டி. வறசட்டியில் கடலை பொரிகிற மாதிரி படபடவென்று கத்திக்கொண்டு வரும். ஆளுக்கேற்ற வண்டி என்று நாங்கள் மர நிரைக்குள் சொல்லிச் சிரிப்போம்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அதற்கு முன்பெல்லாம் மரம் வெட்டி முடித்து, பால் வடிந்து மங்கு நிறைகிற நேரத்தில், கைப்பிள்ளைக்காரிகள் ஆயாக்கொட்டகைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்த கையோடு பிள்ளைகளை அங்கேதான் தூளியில் விட்டுவிட்டு வருவோம். பால் வடிகிற நேரம் சும்மா இருக்கிற நேரம்தானே, யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆள் குறைந்த பிறகு சின்னத்துரைக்கு அது கண்ணை உறுத்தியது. அந்த நேரத்தில் மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலை உரிக்கணும், புல் பிடுங்கணும், நிரையை விட்டு ஒருத்தி ரோட்டில் நின்றாலும் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான் என்று பெரட்டில் வைத்துச் சொன்னார். பிள்ளை அழுமே என்று ஒருத்தி கேட்டாள். அழுதால் நெஞ்சு பலப்படும் என்றார். பிள்ளை பெறாதவனுக்கு எல்லாம் தெரியும்.

ஆனால் நாங்களும் இளிச்சவாய்கள் இல்லை. வெட்டுக்கத்தியின் பிடியால் வாளியை இரண்டு தட்டுத் தட்டினால் அந்தச் சத்தம் பத்து நிரை தாண்டிக் கேட்கும். ரோட்டோரத்து நிரையில் யார் இருக்கிறாளோ அவளுக்குத்தான் வண்டிச் சத்தம் முதலில் கேட்கும். அவள் தட்டுவாள். அதைக் கேட்டு அடுத்தவள் தட்டுவாள். தட்டு எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் துரை வருகிற வழி. கிழக்கே தட்டினால் மேற்கே இருக்கிற பிள்ளைக்காரி ஓடலாம். ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு, வண்டி சுற்றிவருவதற்குள் நிரைக்குத் திரும்பிவிடலாம். கங்காணிக்கும் இது தெரியும். அவர் பெண்டாட்டியும் பிள்ளை பெற்றவள்தானே, காது கேளாதவர்போல் போவார்.

வாளி தட்டாவிட்டாலும் அந்தப் பழைய சத்தத்தைக் கேட்டே நாங்கள் இடம் சொல்லிவிடுவோம். மேட்டில் ஏறினால் திக்கும். இறக்கத்தில் பட்டாசு மாதிரி ஒன்றிரண்டு வெடிக்கும். பலகைப் பாலத்தில் சக்கரச் சத்தமும் சேர்ந்து கடகடக்கும். "ம், பாலத்துக்கிட்ட வந்துட்டான்" என்று மரத்தைப் பார்த்தபடியே ஒருத்தி சொல்வாள், கை பாட்டுக்குப் பட்டையைக் கீறிக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது மகள் பிறந்து நாலைந்து மாதம். முதல் பிள்ளை. டின் பாலைக் கரைத்து வாயில் வைத்தால் துப்புவாள், அப்படியும் புகட்டினால் கக்குவாள். ஆயாக்கொட்டகையில் இருந்த ஆயா சங்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, "ஓம் மவளுக்கு ஓம் பாலுதான் வேணுமாம், மகாராணி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பகலில் ஒரு தடவை நான் போனால்தான் அவள் வயிறு நிறையும். அதனால் எனக்கு அந்த வாளித் தட்டு சும்மா விளையாட்டு இல்லை. என் பிள்ளையின் சாப்பாடே அதில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சின்னத்துரைக்குத் தன் வண்டிச் சத்தம் பிடிக்காமல் போயிற்று. ஜொகூர் பாருவில் துரைமார் கூடிக் குடிக்கிற கிளப்பில், வேறொரு தோட்டத்துச் சின்னத்துரை பெரிய இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்று வாங்கி வந்து நிறுத்தியிருக்கிறான். அது கிளம்பினால் கண்ணாடி அதிருமாம். எல்லாரும் சேர்ந்து எங்கள் துரையின் வண்டியைத் தையல் மிஷின் என்று கேலி செய்திருக்கிறார்கள். இதைச் சின்னத்துரை பங்களாச் சமையற்காரர் நாங்கள் குடியிருந்த லயத்தில் வந்து சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும், மிச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்வார். கழுத்து சிவக்க வீடு திரும்பிய சின்னத்துரை மறுநாள் காலை நேராக ஸ்டோருக்கு வந்து என் கணவர் முன்னால் வண்டியை நிறுத்தினார்.

அன்றைக்கு என் கணவர் சாப்பிட வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"ஏ புள்ள, இன்னிக்கு தொரை எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா?"

"சோறு ஆறுது. சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க."

"சத்தம் பெருசா வேணுமாம். ஆனா கத்தக் கூடாதாம். தொண்டையில இருந்து வர்றது வேணாம், வயித்துல இருந்து வரணும்னு தட்டிக் காட்டுறாரு. எனக்குப் புரிஞ்சிடுச்சு. வேற எவனுக்கும் புரியாது."

"அவருக்கு வயிறு வலின்னா ஆஸ்பத்திரி டிரஸர்கிட்ட போகச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்த கையோடு, ஏதோ தூரத்தில் கேட்கிறது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மூன்று வருஷமாகப் புருஷன். என்னைப் பார்த்து அந்த மாதிரி ஒரு முகம் வைத்ததில்லை.

அவர் வேலை செய்ததை நான் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே செய்தார். வண்டியின் வாலில் இருந்த சத்தமடக்கிப் பெட்டியைக் கழற்றி, வாயை அறுத்துத் திறந்தார். உள்ளே ஓட்டை ஓட்டையாக மூன்று தகடு, ஒன்றன்பின் ஒன்றாக இருந்தது. புகை அதற்குள் முட்டி மோதி வெளியே வருவதால்தான் அந்தக் கடலை பொரிகிற சத்தம் என்றார். மூன்றையும் எடுத்துவிட்டார். ஆனால் அதோடு விட்டால் வண்டி நாய்போலக் குரைக்கும், கனம் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டோரில் கழித்துப் போட்ட பெரிய வாய்க் குழாய் ஒன்றை எடுத்தார். அதற்குள் காய்ந்த மணலை இறுக்கி அடைத்து, உலையில் பழுக்கக் காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். மணல் இருந்தால்தான் வளைகிற இடத்தில் நசுங்காது. பழைய குழாயைவிட இது நீளம், அகலம். கடைசியில் மீன்வால்போலத் தட்டையாகத் தட்டி விரித்துவிட்டார். துரையின் கால் சுடாமல் இருக்கக் கொதிகலனுக்குச் சுற்றுகிற கல்நார்க் கயிற்றைச் சுற்றினார்.

ஒரு நீளம் வைத்து எஞ்சினைக் கிளப்பிக் கேட்பார். திருப்தி இல்லை என்றால் அறுப்பார், வேறொன்றை ஒட்டுவார், திரும்பக் கேட்பார். வாரக்கணக்கில் ஸ்டோரிலிருந்து அந்தச் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. வீட்டில் பிள்ளை அழுதால் மட்டும் "அதைக் கொஞ்சம் அமத்து, என் காது போகுது" என்பார்.

முடிந்த அன்று காலையில் சின்னத்துரை ஏறி உதைத்தார். நான் நிரையில் இருந்தேன். எனக்குக் காலடியில் கேட்டது அது. மண்ணுக்குள் யாரோ பெரிய உரலில் இடிப்பதுபோல டும் டும் டும் என்று கிளம்பி, பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சத்தமாக நிறைந்துவிட்டது. மங்குகளில் பால் நடுங்கியது என்று பக்கத்து நிரைக்காரி சத்தியம் செய்தாள். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஸ்டோர் வாசலில் வந்து இறங்கி, துரை என் கணவர் தோளில் தட்டி, "குட் மேன்" என்றாராம். அவருடைய கதை இங்கே முடிகிறது. இதற்குமேல் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி எங்கள் மடத்தனத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. துரை தன் கழுத்தில் தானே மணியைக் கட்டிக்கொண்டான் என்று நிரைக்கு நிரை சிரிப்பு. ரோட்டோரத்து நிரையில் எப்போதும் முதல் வாளி தட்டுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள், எங்கள் எல்லாருக்கும் அவள்தான் காது. அவள் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இனிமே நான் எதுக்குடி தட்டணும்? அவன் பங்களாவுல வண்டிய எடுத்தாலே ஒங்க எல்லாருக்கும் கேக்குது. எனக்கு ஓய்வு குடுத்துட்டான்லா பிட்டரு" என்றாள். என்னைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டாள். பிட்டர் பெண்டாட்டி என்று அன்றைக்கு எனக்கு ஒரு மரியாதை. யாரோ வாழைப்பழம்கூடக் கொடுத்தார்கள்.

அன்றோடு வாளி தட்டுவது நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தேவை இல்லை என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற சத்தத்தை யார் யாருக்குச் சொல்வது?

அங்கேதான் போயிற்று எல்லாம். பழைய சத்தம் மெல்லியது, ஆனால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். புதுச் சத்தம் எல்லாப் பக்கமும் இருந்தது. மலையில் பட்டுத் திரும்பி வரும். மரங்களுக்குள் புகுந்து எங்கேயும் நிற்காமல் சுற்றும். மேடு, இறக்கம், பாலம் எல்லாவற்றிலும் ஒரே டும் டும். தூரத்தில் இருந்தாலும் கேட்டது, பக்கத்தில் வந்தாலும் அதேபோல்தான் கேட்டது. துரை காலையில் வண்டியை எடுத்ததிலிருந்து மத்தியானம் நிறுத்துகிறவரைக்கும் அந்தச் சத்தத்துக்குள்தான் நாங்கள் இருந்தோம். இரண்டொரு நாளில் காது அதற்குப் பழகியும் போய்விட்டது. வாளித் தட்டு ஒன்றுதான் திசை சொல்லும். அதைத்தான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டிருந்தோம்.

முதலில் மாட்டியது நான்தான். பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஸ்டோர் பக்கம் போகிறது என்று நினைத்தேன், அப்படித்தான் பட்டது. கத்தியை மரத்தில் செருகிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். ஆயாக்கொட்டகைக் கூரை கண்ணுக்குத் தெரிந்தது. என் மகள் அழுவது காதில் விழுந்தது. அவள் குரல் எனக்குத் தெரியாதா? ரோட்டைத் தாண்டுவதற்குக் கால் வைத்தேன், வளைவைத் திரும்பி வண்டி என் எதிரில் வந்து நின்றது.

"மரம் எங்கே? நீ எங்கே?" என்றார் சின்னத்துரை. துரைமார் பேசுகிற தமிழ் அப்படித்தான் இருக்கும்.

"பிள்ளைக்குப் பசி தொரை. இதோ வந்துடுறேன் தொரை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் ரவிக்கையைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"நீ பிட்டர் பொம்பளே?"

"ஆமாங்க தொரை."

இதைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. அவர் சிரித்தார். புதுக்குழாயைப் பூட்ஸ் காலால் தட்டிக் காட்டி, "உன் புருஷன் நல்ல ஆள். நீ கெட்ட ஆள்" என்றார். வண்டி நின்ற இடத்திலேயே டும் டும் என்று இடித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் என் மகளின் அழுகை எனக்குக் கேட்கவில்லை. திரும்பி நிரைக்குப் போனேன்.

பாதிச் சம்பளத்தோடு விட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அடுத்த நாள் பெரட்டில் கங்காணி என் பேரைச் சொல்லி, தலையை நிமிர்த்தாமல், "நீ இன்னியிலேர்ந்து மலைக்கு அந்தப்பக்கம் போகணும்மா, தொரை உத்தரவு" என்றார். மலைக்கு அந்தப் பக்கத்து மரங்களுக்கு விடியுமுன் லாரியில் ஏற்றிப் போவார்கள். பாலோடு பிற்பகலில்தான் திரும்பக் கொண்டுவருவார்கள். நடுவில் வருவதற்கு வழியும் இல்லை, வண்டியும் இல்லை. அந்த லாரியைப் பழுது பார்த்து ஓடவைப்பவரும் என் கணவர்தான்.

சாயங்காலம் அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அந்தத் தகடு மூணும் இருக்கா?"

"எது?"

"பொட்டிக்குள்ள இருந்து எடுத்தீங்களே, அந்தத் தகடு. திரும்பப் போட்டுருங்க."

நான் ஏதோ கோயில் சிலையை உடைக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "போட்டா சத்தம் செத்துடும் புள்ள" என்றார்.

"போடாட்டி பரவாயில்ல. தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னைப் பழைய நிரையிலயே விடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. தோள்ல தட்டுனாருல்ல?"

"சொல்றேன்."

"நாளைக்கே சொல்லுங்க."

"நேரம் பார்த்துத்தான் சொல்லணும். அவரு இப்ப நல்ல மனசுல இருக்காரு. அதைக் கெடுத்துக்கக் கூடாது. ஊருக்குக் கப்பல் ஏத்துறவங்க லிஸ்ட்டு ஆபீசுல கிராணி மேசையில இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்கும் பயம்தான். ஊரில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அதனால் பொறுத்தேன். மறுநாள் கேட்டேன், இன்றைக்குத் துரை அவசரத்தில் போய்விட்டார் என்றார். அதற்கு மறுநாள் கேட்டேன். அன்றைக்குச் சின்னத்துரை ஸ்டோரில் வெகுநேரம் நின்று பேசியிருக்கிறார். என் கணவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். எனக்கும் மனசு குளிர்ந்தது. "சொன்னீங்களா?" என்றேன். "ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டத்துத் தொரையும் தன் வண்டியக் கொண்டாந்து எங்கிட்டதான் குடுக்கப் போறாராம்" என்றார். அதன்பிறகு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று என் தங்கை கேட்பாள். எத்தனை தடவைதான் ஒருத்தி தன் புருஷனிடம் தன் பிள்ளைக்காகப் பிச்சை கேட்பாள்?

மலைக்கு அந்தப்பக்கம் இளமரங்கள். பால் நன்றாக வரும். மற்றப் பெண்கள் அதிகம் தெரியாதவர்கள். பகல் ஏற ஏற எனக்கு மார்பு கல்லாகிவிடும். காய்ச்சல் காயும். ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து பீய்ச்சி விடுவேன். ரப்பர் மரத்துப் பால் ஒரு சொட்டுக் கீழே விழுந்தால் அங்கிருந்த கங்காணி சத்தம் போடுவான். என் பால் மண்ணில் போவதை யாரும் கேட்கவில்லை. சருகில் விழுந்ததை எறும்பு மொய்க்கும். வாயில் புடவையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கேயும் மலையைத் தாண்டி அந்த டும் டும் கேட்டது. எங்கே போனாலும் விடவில்லை.

வற்றத் தொடங்குவதற்கு நாள் பிடிக்கவில்லை. மாலையில் வந்து அவசர அவசரமாக மகளை மடியில் போட்டால் இரண்டு வாய் இழுத்துவிட்டு, ஒன்றும் வராமல் தலையை ஆட்டி அலறுவாள். டின் பாலைக் குடிக்கவைத்தோம், பேதியானது. தொடைச் சதை தளர்ந்து தோல் தொங்கியது. டிரஸர் பார்த்துவிட்டு, தாய்ப்பால்தான் மருந்து, எப்படியாவது கொடுக்கப் பாருங்கள் என்றார். எப்படியாவது என்பதை அவர் சின்னத்துரையிடம் சொல்லியிருக்கலாம்.

வழி கண்டுபிடித்தவர் என் கணவர்தான். பங்களாச் சமையற்காரரின் மனைவி அப்போது தன் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெளிவேலை கிடையாது. பங்களாவுக்குப் பின்னால் இருந்த வீட்டில் நாள் முழுவதும் இருப்பாள். சமையற்காரரும் இவரும் சிநேகிதம். போய்ப் பேசி முடித்துவிட்டு வந்து, ஏதோ பெரிய சம்பந்தம் முடித்தவர்போல் என்னிடம் சொன்னார். "பங்களாப் பக்கம் வளர்றது புள்ளைக்கும் நல்லதுதானே" என்றார்.

மகளைத் தூக்கிக்கொண்டு, துணியையும் சங்கையும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் நல்லவள். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது மனசை ஆற்றியிருப்பேன். என் மகளை வாங்கி, என் எதிரில் பால் கொடுத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று உள்ளே போய் உட்கார்ந்தாள். மகள் விம்மி விம்மிக் குடிக்கிற சத்தம் வாசலில் கேட்டது. பிறகு அழுகை நின்றுவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் அப்படி வயிறார அடங்கினாள். நான் அங்கேயே நின்றுகொண்டு, என் உடம்பு எரிவதுபோல் அழுதேன். அவள் வெளியே வந்து, "அழாதீங்கக்கா, ஓங்க புள்ளதான், எங்கே போயிடப் போகுது" என்றாள். அவள் மனசாரச் சொன்னாள்.

முதலில் பகலில் மட்டும் விடுவது என்று பேச்சு. விடியுமுன் லாரி ஏற வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனியில் பங்களா மேட்டுக்கு ஏறி, திரும்ப இறங்கி ஓடிவர வேண்டும். இருமல் வந்தது அவளுக்கு. "இங்கேயே படுக்கட்டும்க்கா" என்றாள் சமையற்காரர் மனைவி. சரி என்றேன். வேறென்ன சொல்வது? பிறகு வேலை இல்லாத நாளில் மட்டும் போய்ப் பார்ப்பது என்று ஆனது. போனால் என் மகள் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைப்பாள். என் கையில் கொடுத்தால் கொஞ்ச நேரம் இருப்பாள், மரியாதைக்கு இருப்பதுபோல. அப்புறம் அவள் பக்கம் சாய்ந்து கை நீட்டுவாள். உடம்பு தேறிக் கன்னம் வைத்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் பிட்டர் மகள் என்ன அழகு என்றார்கள். நான் உயிரோடு இருக்கிறாளே என்று சாமிக்கு விளக்கேற்றினேன். நெஞ்சு மட்டும் ஆறவில்லை.

மகள் தத்தித் தத்தி நிற்கிற வயதில் ஒருநாள் நானும் அவரும் சேர்ந்தே போயிருந்தோம். சமையற்கட்டுக்குப் பின்னால் மாமர நிழலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். போன இரண்டு மூன்று தடவையாக நான் ஒரு வேலையில் இறங்கியிருந்தேன். அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "அம்மா சொல்லு, அம்... மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என் உதட்டையே கூர்ந்து பார்த்தாள். உதட்டை ஒட்டித் திறந்து பார்த்தாள். வந்துவிடும்போல் இருந்தது.

பங்களா முன்வாசலில் சின்னத்துரை வண்டியை உதைத்தார். என் மகள் சட்டென்று என் கையை விட்டுத் திரும்பினாள். முகம் மலர்ந்தது. கன்னத்தை உப்பிக்கொண்டு, வயிறு குலுங்க, அடித்தொண்டையிலிருந்து "டும், டும், டும்" என்றாள். எச்சில் வழிய வழிய விடாமல் சொன்னாள். அச்சு அசலாக அதே கனம், அதே தாளம்.

என் கணவர் துள்ளி எழுந்தார். "பார்த்தியா! எம் மவ மொத வார்த்தையே எஞ்சின் சத்தம்டி!" என்று அவளைத் தூக்கித் தலைக்குமேல் வைத்துக்கொண்டார். சமையற்காரரைக் கூப்பிட்டார். சமையற்காரர் ஓடிப்போய்த் துரையைக் கூப்பிட்டார். சின்னத்துரை வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளைக்காகவே ஒரு முறை முறுக்கினார். அவளும் பதிலுக்கு டும் டும் என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை என்னையும் பார்த்துச் சிரித்தார், தான் ரோட்டில் ஒருநாள் நிறுத்திவைத்தவள் இவள்தான் என்று அவருக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ. துரை சிரிக்கும்போது நாம் சும்மா நிற்கக்கூடாது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அம்மா என்றும் சொன்னாளாம். என் கணவர்தான் வந்து சந்தோஷமாகச் சொன்னார். அவள் சொன்ன நேரத்தில் நான் மலைக்கு அந்தப்பக்கம் மரத்தடியில் இருந்திருப்பேன். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.